சீரிஸ்: தொலைந்துபோன புள்ளியும் கணித்துக் கண்ட பாதையும்



எமது சஞ்சிகைக்குக் கணிதம் சார்ந்த கட்டுரை ஒன்று தாருங்கள் என்று ஆசிரியர் குழு மாணவியர் கேட்டபோது, உயர்தர வகுப்பில் ஆண்டுதோறும் நான் கேட்கும் ஒரு கேள்விதான் நினைவுக்கு வந்தது. "டீச்சர், இந்த நீள்வளையமும் காவியும் எங்களுக்கு எதற்கு உதவும்?" என்பதே அது. இதற்கு ஒரு வரியில் மறுமொழி சொல்லலாம். ஆனால் ஒரு வரி மறுமொழியில் எவருக்கும் மனம் நிறைவதில்லை. ஆகவே, உண்மையில் நடந்த ஒரு நிகழ்ச்சியை முழுமையாக எழுதுகிறேன். வானத்தில் ஒருவர் கண்ட புள்ளி தொலைந்துபோனது. அதை ஒருபோதும் கண்டிராத இன்னொருவர், தாளும் பேனையும் கொண்டு அது இருக்குமிடத்தைச் சொன்னார். அந்தப் புள்ளியின் பெயர் சீரிஸ். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் சூரியனைச் சுற்றும் சிறுகோள் பட்டையில் மிகப் பெரியது அதுவே. மனிதர் முதலாவதாகக் கண்ட சிறுகோளும் அதுவே.

வெற்றிடம் ஒன்றைப் பற்றிய ஐயம்

முதலில் ஓர் எண் விளையாட்டைப் பாருங்கள். 0, 3, 6, 12, 24, 48, 96, 192 என்று எழுதிக்கொள்ளுங்கள். மூன்றுக்குப் பின்னர் ஒவ்வோர் எண்ணும் முன்னையதன் இரு மடங்கு. ஒவ்வொன்றுடனும் 4ஐக் கூட்டி 10ஆல் வகுத்தால் 0.4, 0.7, 1.0, 1.6, 2.8, 5.2, 10.0, 19.6 என்று வரும். சூரியனிலிருந்து பூமிக்குள்ள சராசரித் தூரத்தை 1 வானியல் அலகு என்று கொண்டால் (அது ஏறத்தாழ 15 கோடி கிலோமீற்றர்), புதன் 0.39இலும் வெள்ளி 0.72இலும் பூமி 1இலும் செவ்வாய் 1.52இலும் வியாழன் 5.2இலும் சனி 9.5இலும் உள்ளன. எண்கள் வியக்கத்தக்க அளவுக்குப் பொருந்துகின்றன. 1766இல் தீத்தியஸ் என்ற ஜேர்மனியர் இதைக் குறிப்பிட்டார். 1772இல் போடே என்ற வானியலாளர் இதைப் பலரும் அறியச் செய்தார். 1781இல் வில்லியம் ஹேர்ஷல் யுரேனஸ் கோளைக் கண்டபோது அதன் தூரம் 19.2 எனத் தெரியவந்தது. 19.6 என்ற எண்ணுக்கு அது அண்மையாக இருந்ததால் இந்த வரிசையில் பலருக்கு நம்பிக்கை பிறந்தது.

ஆனால் 2.8 என்ற இடத்தில் எதுவும் இல்லை. அங்கே இன்னும் காணப்படாத கோள் ஒன்று இருக்குமோ என்ற ஐயம் வலுத்தது. 1800 செப்டெம்பரில் ஜேர்மனியின் லிலியன்தால் என்ற ஊரில் சில வானியலாளர்கள் கூடினார்கள். கோள்கள் செல்லும் வான் வீதியை 24 பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒருவராக 24 பேரைத் தேடும் பணியில் அமர்த்துவது என்று முடிவு செய்தார்கள். இவர்களை 'வானப் பொலிசார்' என்று வேடிக்கையாக அழைப்பதுண்டு. அழைப்பு அனுப்பப்பட வேண்டியோரின் பட்டியலில் சிசிலித் தீவில் பணியாற்றிய ஜுசெப்பே பியாட்சியின் பெயரும் இருந்தது. அழைப்பு அவர் கைக்குக் கிடைக்கும் முன்னரே அவர் அந்தப் புள்ளியைக் கண்டுவிட்டார்.

பலேர்மோவின் மாடத்தில்

பலேர்மோ சிசிலியின் தலைநகர். அரபிகள் அத்தீவை ஆண்ட காலத்தில் அதைப் பலர்ம் என்று அழைத்தார்கள். பின்னர் ஆண்ட நோர்மானிய மன்னன் இரண்டாம் ரொஜரின் அவையிலிருந்துதான் அல் இத்ரீஸி தமது புகழ்பெற்ற உலகப் படத்தை 1154இல் நிறைவு செய்தார். அந்நகரின் அரச மாளிகைக் கோபுரத்தின் மேலே 1790இல் ஒரு வானாய்வகம் அமைக்கப்பட்டது. அதன் பொறுப்பாளர்தான் பியாட்சி. அவர் ஒரு கத்தோலிக்கத் துறவி, கணித ஆசிரியரும்கூட.

பியாட்சி புதிய கோளைத் தேடிக்கொண்டிருக்கவில்லை. விண்மீன்களின் இடங்களைத் துல்லியமாக அளந்து ஓர் அட்டவணை தயாரிப்பதே அவரது வேலை. அதற்காக லண்டனுக்குச் சென்று, ஜெஸி ராம்ஸ்டன் என்ற கருவி செய்யும் கலைஞரிடம் ஏறத்தாழ 5 அடி விட்டமுள்ள அளவு வட்டம் பொருத்திய தொலைகாட்டி ஒன்றைச் செய்வித்துக் கொண்டுவந்திருந்தார். ஒரு பாகையில் 60 கலைகள், ஒரு கலையில் 60 விகலைகள் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். சில விகலைகள் வரை பிழையின்றி அளக்கக்கூடிய கருவி அது.

கருவியைவிட முக்கியமானது அவரது பழக்கம். ஒரு விண்மீனை ஓரிரவு அளந்ததோடு அவர் நிறுத்துவதில்லை. அதே விண்மீனைப் பல இரவுகள் திரும்பத் திரும்ப அளப்பார். பார்ப்பவருக்கு இது வீண் வேலையாகத் தோன்றும். விண்மீன்தான் நகர்வதில்லையே! ஆனால் இந்தப் பழக்கம் இல்லாதிருந்தால் சீரிஸ் அவர் கண்ணில் பட்டும் படாமலே போயிருக்கும்.

1801 ஜனவரி 1ஆம் திகதி மாலை, இடபம் என்ற விண்மீன் குழுவில் மங்கலான புள்ளி ஒன்றின் இடத்தை அவர் குறித்துக்கொண்டார். வெறுங்கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அது மங்கலானது. மறுநாள் வழமைபோல் மீண்டும் அளந்தார். இடம் சற்று மாறியிருந்தது. முதல் நாள் அளவில் ஏதேனும் பிழை வந்திருக்கலாம் என்று எண்ணினார். மூன்றாம் நாளும் அளந்தார், மீண்டும் நகர்ந்திருந்தது. விண்மீன் நகராது. ஆகவே இது விண்மீனல்ல.

தொலைந்த புள்ளி

ஜனவரி 24ஆம் திகதி பியாட்சி ஐரோப்பிய வானியலாளர்களுக்குக் கடிதம் எழுதினார். வால்வெள்ளி ஒன்றைக் கண்டதாகவே அறிவித்தார். ஆயினும் மிலான் நகரில் இருந்த நண்பர் ஒரியானிக்கு எழுதிய கடிதத்தில், இதைச் சுற்றிப் புகைமூட்டம் எதுவும் இல்லை, இதன் அசைவோ மெதுவானதும் சீரானதுமாக இருக்கிறது, ஆகவே இது வால்வெள்ளியைவிட மேலான ஒன்றாக இருக்கலாம் என்ற தமது எண்ணத்தையும் தெரிவித்தார். தாம் காண விரும்பியதை அன்றி, கண்டதை மட்டும் உறுதியாகச் சொல்லும் நிதானத்தை இதிற் காண்கிறோம்.

முகிலில்லாத இரவுகளில் அளவீடு தொடர்ந்தது. பெப்ரவரி 11ஆம் திகதியுடன் அது நின்றது. பியாட்சி நோயுற்றார். அவர் குணமடைவதற்கிடையில் அந்தப் புள்ளி மாலை வானில் சூரியனை நெருங்கி, அதன் ஒளியில் மறைந்துவிட்டது. அது போர்க்காலம், கடிதங்கள் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆனது. மார்ச் மாதம் பெர்லினில் இருந்த போடேயின் கைக்குக் கடிதம் கிடைத்தபோது, வானத்தில் பார்ப்பதற்கு எதுவும் எஞ்சியிருக்கவில்லை. பியாட்சியின் அளவீடுகள் முழுமையாக அச்சில் வந்தது அவ்வாண்டு செப்டெம்பரில்தான். சாக் என்ற வானியலாளர் நடத்திய மாத இதழில் அவை வெளிவந்தன.

இப்போது நிலைமையை எண்ணிப் பாருங்கள். கையில் இருப்பது 41 நாட்களின் பதிவு மட்டுமே. அந்த 41 நாட்களில் புள்ளி வானத்தில் நகர்ந்த தூரம் ஏறத்தாழ 3 பாகை, அதாவது ஆறு முழுநிலவுகளை வரிசையாக அடுக்கினால் வரும் நீளம். சூரியனை அது ஒருமுறை சுற்ற நான்கரை ஆண்டுகளுக்கு மேலாகும் என்று இன்று எமக்குத் தெரியும். அப்படியானால் முழுப் பாதையில் நாற்பதில் ஒரு பங்குதான் பியாட்சியின் கண்ணுக்குக் கிடைத்தது. மிகுதியைக் காணாமலே கணிக்க வேண்டும். கணிப்புப் பிழைத்தால், ஆயிரக்கணக்கான மங்கல் விண்மீன்களுக்கிடையில் அதை மீண்டும் தேடிப் பிடிப்பது தற்செயலாக நடந்தால்தான் உண்டு.

திசை தெரியும், தூரம் தெரியாது

ஏன் இது கடினம்? கொழும்பிலிருந்து தெற்கே செல்லும் கரையோர ரயிலில் இரவில் பயணம் செய்திருப்பீர்கள். கடலில் மீன்பிடிப் படகொன்றின் விளக்குத் தெரியும். அது எந்தத் திசையில் இருக்கிறது என்று சுட்டிக்காட்டலாம். எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்ல முடியுமா? அண்மையில் உள்ள சிறு விளக்கா, தொலைவிலுள்ள பெரிய விளக்கா என்பது தெரியாது. அத்துடன் படகும் நகர்கிறது, நீங்கள் இருக்கும் ரயிலும் நகர்கிறது. விளக்கு பின்னோக்கிப் போவதுபோல் தோன்றினால், அது படகின் அசைவா, ரயிலின் அசைவா?

பியாட்சிக்கும் இதே சிக்கல்தான். பூமி செக்கனுக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர் வேகத்திலும் சீரிஸ் ஏறத்தாழ 18 கிலோமீற்றர் வேகத்திலும் ஓடுகின்றன. வேகமான பூமி அதைக் கடந்து செல்லும் காலத்தில் சீரிஸ் வானில் பின்னோக்கி நகர்வதுபோல் தோன்றும். ஜனவரி முதல் நாட்களில் அது அவ்வாறே பின்னோக்கி நகர்ந்து, இரண்டாம் வாரத்தில் ஏறத்தாழ நின்று, பின்னர் முன்னோக்கித் திரும்பியது. அது உண்மையில் தயங்கி நிற்கவில்லை. இரு ஓட்டங்களின் சேர்க்கையே எமக்கு அப்படித் தெரிகிறது.

சூரியனைச் சுற்றும் ஒரு பொருளின் பாதையை முற்றாகக் கூற ஆறு எண்கள் வேண்டும். நீள்வளையத்தின் பருமனைச் சொல்ல ஒன்று. அது வட்டத்திலிருந்து எவ்வளவு விலகியது என்பதைச் சொல்ல ஒன்று. அந்தப் பாதை கிடக்கும் தளம் பூமியின் பாதைத் தளத்துக்கு எவ்வாறு சாய்ந்து திரும்பியிருக்கிறது என்பதைச் சொல்ல இரண்டு. அத்தளத்துக்குள் நீள்வளையம் எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது என்பதற்கு ஒன்று. குறித்த ஒரு நாளில் பொருள் பாதையில் எங்கே இருந்தது என்பதற்கு ஒன்று. ஒவ்வோர் அவதானிப்பும் இரண்டு கோணங்களைத் தருகிறது. ஆகவே மூன்று அவதானிப்புகள் இருந்தால் ஆறு எண்கள் கிடைக்கும். ஆறு தெரியாக் கணியங்கள், ஆறு சமன்பாடுகள்! சாதாரண தரத்தில் இரு தெரியாக் கணியங்களுக்கு இரு ஒருங்கமை சமன்பாடுகள் வேண்டும் என்று படித்தீர்களே, அதே தத்துவம்தான். ஆனால் இச்சமன்பாடுகள் நேர்கோட்டுச் சமன்பாடுகள் போல எளிதில் தீர்பவை அல்ல.

இதனால் பலர் எளிய வழியை நாடினார்கள். பாதை வட்டம் என்று எடுத்துக்கொண்டால் வேலை பெரிதும் குறைந்துவிடும். வட்டப் பாதையை வைத்துக் கணித்த இடங்களை இலையுதிர் காலத்தில் தேடினார்கள். புள்ளி கிடைக்கவில்லை.

கவுஸ் செய்தது

பிரவுன்ஷ்வைக் என்ற ஜேர்மன் நகரில் கார்ல் பிரெட்ரிக் கவுஸ் என்ற 24 வயது இளைஞர் இருந்தார். வறிய குடும்பத்துப் பிள்ளை. அவரது திறமையை அறிந்த அப்பிரதேசக் கோமகன் வழங்கிய உதவிப் பணத்தில் படித்தவர். எண்கணிதம் பற்றிய அவரது பெருநூல் அந்த 1801ஆம் ஆண்டிலேயே வெளிவந்திருந்தது. பியாட்சியின் அளவீடுகள் அச்சில் வந்ததும் அவர் இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டார்.

அவர் பாதையை வட்டம் என்றோ வால்வெள்ளிகளுக்கு வழமையாகக் கொள்ளும் பரவளைவு என்றோ முன்கூட்டியே முடிவு செய்யவில்லை. கெப்ளர் 1609இல் வெளியிட்ட இரு விதிகளை மட்டும் நம்பினார். ஒன்று, பாதை சூரியனைக் குவியமாகக் கொண்டது, சூரியன் ஊடான ஒரே தளத்தில் கிடப்பது. மற்றையது, சூரியனையும் பொருளையும் இணைக்கும் கோடு சம காலங்களில் சம பரப்பளவுகளைக் கடக்கும் என்பது.

அவரது வழியின் சாரத்தை உயர்தர மாணவியர் விளங்கிக்கொள்ளலாம். தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, இறுதியில் ஒன்று என மூன்று அவதானிப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். சூரியனிலிருந்து அந்த மூன்று நிலைகளுக்கும் வரையும் காவிகள் ஒரே தளத்தில் கிடக்கின்றன. ஆகவே நடு நிலையின் காவியை மற்ற இரண்டு காவிகளின் சேர்மானமாக எழுதலாம். அதில் வரும் குணகங்கள், அக்காவிகள் அமைக்கும் முக்கோணிகளின் பரப்பளவு விகிதங்கள். முக்கோணிகளின் பரப்பளவு எமக்குத் தெரியாது. ஆனால் பாதையின் வில்லால் அடைக்கப்பட்ட துண்டுகளின் பரப்பளவு விகிதம் தெரியும். ஏனெனில், கெப்ளரின் விதிப்படி அது கால இடைவெளிகளின் விகிதமே. வில்லுக்கும் நாணுக்கும் இடையிலுள்ள மெல்லிய கீற்றுத்தான் வித்தியாசம். அந்தக் கீற்று சிறியது, ஆனால் புறக்கணிக்கத்தக்கதல்ல. கவுஸ் அதற்கான திருத்தத்தைக் கண்டார். அதனால் தூரம் முதன்முறையாகக் கிடைத்தது. கிடைத்த தூரத்தைக் கொண்டு திருத்தத்தை மேலும் செம்மையாக்கினார். செம்மையாக்கிய திருத்தத்தைக் கொண்டு தூரத்தை மீண்டும் கணித்தார். விடை மாறாமல் நிலைக்கும் வரை இந்தச் சுற்றுத் தொடர்ந்தது. பின்னர் ஏனைய நாட்களின் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

கணனி இல்லாத காலம். மடக்கை அட்டவணையைப் புரட்டி, ஒவ்வொரு பெருக்கலையும் கையால் செய்த கணக்கு இது. டிசம்பர் மாதம் சாக்கின் இதழில் கவுஸின் கணிப்பு வெளிவந்தது. அவர் சொன்ன இடம் மற்றவர்கள் தேடிய இடத்திலிருந்து பல பாகைகள் விலகியிருந்தது.

திரும்பக் கிடைத்த இரவு

டிசம்பர் 7ஆம் திகதி, கோதா நகருக்கு அருகிலுள்ள தமது வானாய்வகத்திலிருந்து சாக் ஒரு புள்ளியை ஐயத்துடன் குறித்துக்கொண்டார். அதன் பின் வானிலை ஒத்துழைக்கவில்லை. 1801இன் கடைசி இரவான டிசம்பர் 31 அன்று அதே பகுதியை மீண்டும் பார்த்தபோது ஐயம் நீங்கியது. புள்ளி நகர்ந்திருந்தது. ஓரிரு நாட்களுக்குள் பிரேமன் நகரில் ஒல்பர்ஸ் என்ற வைத்தியரும் தனியாக அதைக் கண்டார். இடபத்தில் காணப்பட்டது இப்போது கன்னி என்ற விண்மீன் குழுவில் இருந்தது. கவுஸ் சொன்ன இடத்துக்கும் அது கிடைத்த இடத்துக்கும் இடையே அரைப் பாகை, அதாவது ஒரு முழுநிலவின் அகலம் அளவே வேறுபாடு.

சீரிஸைக் கண்டுபிடித்தவர் யார் என்று பரீட்சையில் கேட்டால் பியாட்சி என்று எழுதுங்கள். அது சரியான விடை. ஆனால் என் மனத்தில் அந்தக் கண்டுபிடிப்பு ஓர் ஆண்டு நீண்டது. பியாட்சியின் அளவீடு இல்லாதிருந்தால் கவுஸ் கணிக்க எதுவுமில்லை. கவுஸின் கணிப்பு இல்லாதிருந்தால் பியாட்சி கண்டது உறுதிப்படுத்த முடியாத ஒரு செய்தியாகவே நின்றிருக்கும். ஒரு பொருளை ஒருமுறை காண்பதற்குக் கண் போதும். விரும்பும்போது மீண்டும் காண்பதற்கு அதன் பாதை தெரிய வேண்டும்.

கவுஸ் தமது முறையை மேலும் வளர்த்து 1809இல் நூலாக வெளியிட்டார். அளவீடுகளில் தவிர்க்க முடியாமல் வரும் சிறு பிழைகளைச் சமன்செய்து மிகப் பொருத்தமான விடையைப் பெறும் இழிவு வர்க்க முறையையும் அதில் விளக்கினார். பிரெஞ்சுக் கணிதர் லெஜாந்தர் அம்முறையை 1805இலேயே அச்சில் வெளியிட்டிருந்தார். இன்று வைத்திய ஆய்விலும் பொருளியலிலும் புள்ளிகளுக்குப் பொருந்தும் கோடு வரைவோர் பலரும் அம்முறையையே கையாளுகிறார்கள்.

நாமே கணித்துப் பார்ப்போம்

சீரிஸின் பாதையில் நீண்ட அச்சின் பாதி 2.77 வானியல் அலகுகள். கெப்ளரின் மூன்றாம் விதிப்படி, ஆண்டுகளில் சொல்லப்படும் சுற்றுக் காலத்தின் வர்க்கம், வானியல் அலகுகளில் சொல்லப்படும் இந்தத் தூரத்தின் கனத்துக்குச் சமன். 2.77ஐ மூன்று முறை பெருக்கினால் ஏறத்தாழ 21.25 வரும். அதன் வர்க்கமூலம் 4.61. ஆகவே சீரிஸின் ஓர் ஆண்டு எமது 4.6 ஆண்டுகளுக்குச் சமன்.

பாதையின் மையவகற்சி ஏறத்தாழ 0.08. முழு வட்டமாயின் அது 0. சூரியனுக்கு மிக அண்மையில் வரும்போது சீரிஸ் 2.55 அலகிலும் மிகத் தொலைவில் 2.98 அலகிலும் இருக்கும். பாதைத் தளம் பூமியின் பாதைத் தளத்துக்கு ஏறத்தாழ 10.6 பாகை சாய்ந்தது. சூரிய ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவதால், எமக்குக் கிடைக்கும் ஒளியில் எட்டில் ஒரு பங்களவே அங்கே விழும்.

பூமி சீரிஸை எத்தனை நாட்களுக்கு ஒருமுறை முந்துகிறது? ஓர் ஆண்டில் பூமி 1 சுற்றும் சீரிஸ் 4.61இல் ஒரு பங்குச் சுற்றும் செல்கின்றன. வித்தியாசம் 3.61இன் கீழ் 4.61. அதன் தலைகீழ் 1.28 ஆண்டு, அதாவது ஏறத்தாழ 15 மாதங்கள். ஆகவே 15 மாதங்களுக்கு ஒருமுறை சீரிஸ் இரவு முழுவதும் வானில் தெரியும் நிலைக்கு வருகிறது. அக்காலத்தில் இருளான இடமொன்றிலிருந்து, விண்மீன் வரைபடத்தின் துணையோடு, நல்ல இருவிழித் தொலைகாட்டியால் அதைக் காண முடியும். விண்மீனைப் போலவே தோன்றும். அடுத்தடுத்த இரவுகளில் இடத்தை வரைந்தால்தான் வேறுபாடு புலப்படும்.

கோளா, சிறுகோளா?

சீரிஸ் கிடைத்த மகிழ்ச்சி ஆறுவதற்குள் 1802 மார்ச்சில் ஒல்பர்ஸ் அதே வலயத்தில் பலாஸ் என்ற இன்னொன்றைக் கண்டார். 1804இல் ஜூனோ, 1807இல் வெஸ்ட்டா எனத் தொடர்ந்தது. ஓர் இடத்தில் ஒரு கோள் இருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு நான்கு கிடைத்தன. இன்று பாதை அறியப்பட்ட சிறுகோள்கள் பத்து இலட்சத்துக்கு மேல். எமது நாட்டில் நீண்ட காலம் வாழ்ந்த எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கின் பெயரும் 4923 என்ற இலக்கமுடைய சிறுகோள் ஒன்றுக்கு இடப்பட்டிருக்கிறது.

அந்த எண் வரிசை என்னவாயிற்று? 1846இல் நெப்டியூன் கண்டுபிடிக்கப்பட்டது. வரிசைப்படி அது 38.8இல் இருந்திருக்க வேண்டும். உண்மையில் இருப்பதோ 30.1இல். காரணம் தெரியாத எண் ஒழுங்கை இயற்கையின் விதி என்று நம்பிவிடக் கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணம். கெப்ளரின் விதிகளுக்கு ஈர்ப்பு என்ற காரணம் பின்னால் நின்றது. அதனால் அவை நெப்டியூனுக்கும் பொருந்தின.

சீரிஸை முதலில் கோள் என்றார்கள். பின்னர் சிறுகோள் என்றார்கள். 2006இல் குறுங்கோள் என்ற வகுப்பில் சேர்த்தார்கள். பெயர் எதுவாயினும் பாதை அதே பாதைதான். அதன் விட்டம் ஏறத்தாழ 940 கிலோமீற்றர், எமது தீவின் நீளத்தின் இரு மடங்கிலும் சற்றுக் கூடியது. சிறுகோள் பட்டையின் மொத்தத் திணிவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இதனிடமே உண்டு. ஆயினும் ஈர்ப்பு மிகக் குறைவு. இங்கே 36 கிலோகிராம் காட்டும் தராசு அங்கே 1 கிலோகிராம் அளவே காட்டும்.

2007 செப்டெம்பரில் நாசா ஏவிய 'டோன்' விண்கலம் முதலில் வெஸ்ட்டாவைச் சுற்றி ஆராய்ந்துவிட்டு, 2015 மார்ச் 6ஆம் திகதி சீரிஸை அடைந்தது. ஒக்கேற்றர் என்ற பள்ளத்தில் பளிச்சிட்ட வெண்ணிறத் திட்டுகள் சோடியம் காபனேற்று உப்பு என்று அது காட்டியது. நிலத்தின் கீழிருந்து வந்த உவர்நீர் வற்றியபோது எஞ்சிய உப்பு அது. 2018இல் எரிபொருள் தீர்ந்து விண்கலம் மௌனமாயிற்று. அது இன்றும் சீரிஸைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

சீரிஸ் என்பது பண்டைய ரோமரிடையே வேளாண்மைக்குரிய பெயர். அதனால் அதன் மேற்பரப்பின் அடையாளங்களுக்கு உலகின் பல மக்களுடைய வேளாண்மை, அறுவடை விழாக்கள் சார்ந்த பெயர்களை இடுகிறார்கள். அங்குள்ள ஒரு பள்ளத் தொடருக்குப் 'பொங்கல்' என்று பெயர். பியாட்சி மூன்று நாட்கள் ஐயத்தோடு பார்த்த புள்ளியில் இன்று ஒரு தமிழ்ச் சொல்லும் இருக்கிறது.

மாணவியருக்கும் பெற்றோருக்கும்

விஞ்ஞானக் கூடத்தில் அளவீடு எடுக்கும்போது, எதிர்பார்த்த விடை வராவிட்டால் எண்ணைச் சற்று மாற்றி எழுதிவிடும் ஆசை பலருக்கு எழும். பியாட்சி ஜனவரி 2ஆம் திகதி அப்படிச் செய்திருந்தால், முதல் நாளின் எண்ணோடு பொருந்தும்படி எழுதிவிட்டு நித்திரைக்குப் போயிருக்கலாம். அவர் கண்டதையே எழுதினார். பல நூறு மைல்களுக்கு அப்பால் இருந்த, முகமறியாத இளைஞர் ஒருவர் அந்த எண்களை நம்பிக் கணித்தார். ஓர் எண்ணைப் பொய்யாக எழுதியிருந்தாலும் அந்தப் பாதை கிடைத்திராது. உங்கள் செய்முறைக் குறிப்பேட்டில் நீங்கள் எழுதும் எண்ணையும் யாரோ ஒருவர் நம்பப்போகிறார் என்று எண்ணி எழுதுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கணிதப் பிரிவு பெண் பிள்ளைகளுக்குக் கடினம் என்ற பேச்சை நான் அடிக்கடி கேட்கிறேன். ஹேலி வால்வெள்ளி திரும்பி வரும் காலத்தை 1758இல் பல மாதங்கள் இருந்து கையால் கணித்த மூவரில் ஒருவர் பிரான்சைச் சேர்ந்த நிக்கோல் ரேன் லெபோட் என்ற பெண்மணி. சிறுகோள் ஒன்று இன்று அவரது பெயரைச் சுமக்கிறது. டோன் விண்கல ஆய்வை வழிநடத்திய விஞ்ஞானிகளில் ஒருவர் கரோல் ரேமண்ட் என்ற பெண்மணி. இவர்களது வேலைக்கு வேண்டியிருந்தது பொறுமையும் பயிற்சியும், படிக்க விடும் ஒரு வீடும். மகள் ஒரு கணக்கோடு இரவு நெடுநேரம் அமர்ந்திருந்தால், "இது எதற்கு?" என்று கேட்பதற்குப் பதிலாக "எது வரை வந்திருக்கிறாய் மகள்?" என்று கேட்டுப் பாருங்கள்.

இறுதியாக ஒரு பயிற்சி. வெஸ்ட்டாவின் பாதையில் நீண்ட அச்சின் பாதி 2.36 வானியல் அலகுகள். அது சூரியனை ஒருமுறை சுற்ற எத்தனை ஆண்டுகள் ஆகும்? பூமி அதை எத்தனை மாதங்களுக்கு ஒருமுறை முந்தும்? முதல் விடை 3.6 ஆண்டுகளுக்கு அண்மையில் வர வேண்டும். இரண்டாவதை நான் சொல்லப்போவதில்லை. கணித்த படிகளோடு வகுப்புக்குக் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.